இரும்பு பொய் சொல்லாது

மேகமண்டலம் என்றொரு நாடு இருந்தது. அங்கே வெயில் குறைவு, சட்டம் அதிகம். ரொட்டி திருடியவனுக்கு ஏழு வருடம் சிறை. ரொட்டி விலையை ஏற்றியவனுக்குச் சபையில் நாற்காலி. இப்படி நீதி தழைத்ததில் சிறைகள் நிரம்பி வழிந்தன. மந்திரிகள் கூடி யோசித்தார்கள். திருட்டைக் குறைப்பது வேலை பிடித்த காரியம் என்று தெரிந்ததால் திருடர்களை ஏற்றுமதி செய்வது என்று முடிவாயிற்று. கப்பலில் ஆறு மாதம் போனால் ஆள் இல்லாத கரை ஒன்று கிடைத்தது. அங்கே முன்பே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் ஆள் இல்லாத கரை என்றே எழுதிக்கொண்டார்கள். கரைக்கு நற்கதி என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நற்கதிக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி தொற்காள். குளிர் தாங்காமல் மூன்று முழம் கம்பளித்துணி எடுத்தாள். கேட்காமல் எடுத்ததால் ஏழு வருடம். கப்பல் ஏறும்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. கரை இறங்கிய இரண்டாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. லீதியாள் என்று பேரிட்டு லீதி என்று கூப்பிட்டாள். பால் மறந்ததும் குழந்தையை அநாதை இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் கைதி என்றால் பிள்ளை அநாதை, இது அங்கே சட்டம். பெற்றவள் வேலிக்கு வெளியே நின்று அழுதாலும் அநாதை அநாதைதான். தண்டனை முடிந்து விடுதலைச் சீட்டு வாங்கியவள் மட்டும் அதைக் காட்டிப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். அந்த ஒரு சீட்டுக்காகத்தான் தொற்காள் ஏழு வருடமும் கல் சுமந்தாள், சலவைத் தொட்டியில் முழங்கால் ஊற நின்றாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலி இடுக்கு வழியாகப் பிள்ளையின் விரலைத் தொடுவதற்கு அனுமதி உண்டு.

நற்கதியில் பேரழைப்பு நடக்கும் முறையே தனி. ஆரம்ப காலத்தில் காலையில் பேர் வாசித்தால் "இருக்கேன் அய்யா" என்று வாயால்தான் சொன்னார்கள். காட்டுக்குள் ஓடிப்போனவன் பேருக்கும் அவன் கூட்டாளி குரலை மாற்றி ஒரு "இருக்கேன்" சொல்லிவைத்தான். இது தெரிந்து முதல் ஆளுநர் வெகுண்டு ஓர் ஆணை போட்டார்: "வாய் பொய் சொல்லும். இரும்பு பொய் சொல்லாது." அன்றுமுதல் பேர் வாசித்ததும் வலது காலைத் தூக்கி இரண்டு தரம் ஆட்ட வேண்டும். விலங்குச் சங்கிலி ஒலித்தால் ஆள் உண்டு, ஒலிக்காவிட்டால் இல்லை. பதிவேட்டு அதிகாரி நிமிர்ந்து முகம் பார்ப்பது தடை செய்யப்பட்டது. முகத்தைப் பார்த்தால் தாட்சணியம் வந்துவிடுமாம். அடுத்தவருக்காகக் காலை ஆட்டினால் கசையடி.

ஏழு வருடம் முடிந்த அன்று கொல்லர் தீத்து தொற்காளின் விலங்கை வெட்டினார். அவரும் கைதிதான், அதிகம் பேசாதவர். உளியைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு நடக்கையில தள்ளாடும்மா. கால் அந்தப் பாரத்தத் தேடும்," என்றார்.

மறுநாள் காலைப் பேரழைப்பில் கடைசியாக ஒருமுறை ஆஜராகிவிட்டால் சீட்டு கைக்கு வந்துவிடும். தொற்காள் தலை வாரி, முகம் கழுவி, முன் வரிசையில் போய் நின்றாள். பேர் வந்தது. பழக்கப்படி காலைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டினாள். சத்தம் வரவில்லை. அதிகாரி குனிந்தபடியே பேனாவை மையில் தோய்த்தார்.

"அய்யா, நான் இங்கதான் நிக்கேன்," என்றாள்.

அதிகாரி உதவியாளர் பக்கம் காதைச் சாய்த்தார். "ஏதோ குரல் கேட்கிறது. குரல் சாட்சியம் ஆகாது. தொற்காள், தப்பியோட்டம் என்று குறித்துக்கொள்."

தப்பியோடியவளைத் தேட இருபது பேரைத் திரட்டினார்கள். ஓர் ஆள் குறைந்ததால் தொற்காளையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் அவள் புதர் புதராகத் தன்னைத் தேடினாள். படைக்குத் தலைவன் மேஸ்திரி யோபு. அவனும் கைதியாக வந்தவன், நன்னடத்தையால் சாட்டை கிடைக்கப்பெற்றவன். "அவ கெட்டிக்காரி. லேசுல அம்பிட மாட்டா," என்று தொற்காளிடமே சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை. சாட்டை கைக்கு வந்தபின் கண்ணால் காண்பதைவிடப் பதிவேட்டை நம்புவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

தொற்காள் ஆளுநருக்கு மனுப் போட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அப்போதிருந்த ஆளுநர் இளகிய மனம் உள்ளவர் என்று பேர் எடுத்தவர். அப்படித்தான் அவர் அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்தது. மனுவைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விடுதலை பெற்ற நம் மக்கள் ஒலியின்றித் தவிக்கிறார்கள்," என்று ஆலோசகர்களிடம் சொன்னார். "இதை என் அரசு ஒருபோதும் சகித்துக்கொள்ளாது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் உடனே மரியாதைச் சங்கிலி வழங்கப்படும்."

மரியாதைச் சங்கிலி என்பது பழைய சங்கிலியேதான். ஒரு கண்ணியில் மட்டும் அரசு முத்திரை குத்தியிருந்தது. அதைப் பூட்டிக்கொண்டவர்கள் காலையில் ஆஜர் ஆனார்கள். ஆனால் காலில் சங்கிலி உள்ளவருக்கு விடுதலைச் சீட்டு தரலாகாது என்ற பழைய விதியை யாரும் தொடவில்லை. ஆகவே சீட்டு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. தொற்காள் மறுபடி தீத்துவிடம் போய்க் காலை நீட்டினாள். அவர் ஆணி அடித்துச் சங்கிலியைப் பூட்டினார்.

அடுத்த ஆணைதான் அவளைச் சுட்டது. ஆளுநர் அநாதை இல்லத்தைப் பார்வையிடப் போனார். பிள்ளைகள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலிலும் ஒலி இல்லை. ஒலிக்காத வாய்களுக்கு ரொட்டி போவது பெரும் முறைகேடு என்று அவர் அறிவித்தார். பிள்ளைகளின் நலன் கருதி அவர்களுக்கும் சின்னச் சங்கிலி செய்யப்பட்டது.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை லீதி கலகலவென்று ஓடிவந்தாள். அத்தனை சந்தோஷமாக அவளைத் தொற்காள் பார்த்ததே இல்லை. "எம்மா, எனக்கும் வந்துட்டு. உன்னுத மாதிரியே இருக்கு பாரு," என்று காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்கால் சிவந்து தோல் உரிந்திருந்தது. தொற்காள் பிள்ளை முகத்தைப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் தன் நாக்கைத் தானே சபித்துக்கொண்டாள்.

அந்த வருடம் மேகமண்டலத்தில் மக்களாட்சி என்றொரு பேச்சு அடிபட்டு, கப்பலேறி நற்கதிக்கும் வந்து இறங்கியது. மக்கள் தங்களுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். யாருடைய பேருக்குச் சங்கிலி உரக்க ஒலிக்கிறதோ அவரே வென்றவர். யோபு நின்றான். சங்கிலிக்கு மாதாமாதம் எண்ணெய் தருவதாக வாக்குக் கொடுத்தான். எதிர்த்து நின்ற சமையற்கட்டு மேஸ்திரி, ஆளுக்கு ஒரு கண்ணி கூட்டித் தருவதாகச் சொன்னான். எட்டி வைத்து நடக்கலாமல்லவா? எண்ணெயா கண்ணியா என்று ஊர் இரண்டுபட்டு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்றது. கனத்த சங்கிலி உரக்க ஒலிக்கும் என்று எடையைக் கூட்டித் தரச்சொல்லித் தீத்துவிடம் வரிசையில் நின்றவர்களும் உண்டு. யோபு ஜெயித்தான். எண்ணெய் வரவில்லை.

பிறகு அரசருக்கு அறுபது நிறைந்தது, கருணை பொங்கியது. சங்கிலி வேண்டாம் என்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு மைதானத்துக்கு வரலாம், அவர்கள் பக்கம் பெரும்பான்மை இருந்தால் சங்கிலி முறையே ஒழிக்கப்படும் என்று ஓலை வந்தது. மூன்று நாள் தீத்துவின் உளி ஓயவில்லை. முதலில் கழற்றியவள் தொற்காள். தயங்கியவர்களிடம் அவளே போய்ப் பேசினாள். "நான் ஒருத்தி நின்னதால இல்லைன்னு எழுதிட்டாக. ஊரே நின்னா எப்படி எழுதுவாக?" என்றாள். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. இருநூற்றுப் பதினோரு பேர் வெறுங்காலோடு வந்து நின்றார்கள்.

"சங்கிலி முறையை ஒழிக்க வேண்டும் என்போர் ஒலிக்கலாம்," என்றார் பதிவேட்டு அதிகாரி.

இருநூற்றுப் பதினோரு கால்கள் தூக்கி ஆட்டப்பட்டன. கொஞ்சம் புழுதி கிளம்பியது. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்து, எவருமில்லை என்று எழுதினார். தொடர வேண்டும் என்போரைக் கேட்டார். சங்கிலியைக் கழற்றாத யோபுவும் மற்ற எட்டு மேஸ்திரிகளும் காலை ஆட்டினார்கள். ஏகமனதாக நிறைவேறியது. மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று ஆளுநர் தழுதழுத்த குரலில் பேசி அமர்ந்தார். கையோடு இருநூற்றுப் பதினோரு பேரும் தப்பியோடியவர்கள் என்று பதிவாயிற்று, தேடிப்போகத்தான் ஆள் மிஞ்சவில்லை.

மத்தியானம் ரொட்டி வாங்கப் போனவர்களுக்கு, இல்லாதவர்களுக்கு ரொட்டி இல்லை என்று பதில் வந்தது. பெண்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். தன்னை நம்பி வந்தவர்களின் பசியைப் பார்த்துத் தொற்காளுக்கு அழுகை முட்டியது. அந்த அழுகையின் நடுவிலேதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இல்லாதவளுக்கு ரொட்டி இல்லையென்றால், இல்லாதவளுக்குக் காவல் மட்டும் எப்படி இருக்கும்?

தீத்துவைக் கூட்டிக்கொண்டு நேரே அநாதை இல்லத்துக்குப் போனாள். வாசலில் இருந்த மேற்பார்வைக்காரி பட்டியலைப் பார்த்தாள். தாய் தலைமறைவு என்று இருந்தது. ஆக, வந்திருப்பது ஒருவருமில்லை என்று அவள் மறுபடி தையலில் குனிந்துகொண்டாள். உள்ளே தீத்து இரண்டே அடியில் சின்னச் சங்கிலியை வெட்டினார். லீதி தரையில் விழுந்து அழுதாள்.

"என்னுதக் குடு. நாளைக்கு என் பேரக் கூப்பிட்டா நான் எத ஆட்டுவேன்?"

தொற்காள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்ற பிள்ளைகளின் சங்கிலியையும் வெட்டிக் கூட்டிக்கொண்டு அவள் பின்னால் ஊரே வந்தது. பகலில் கோட்டை வாசல் திறந்தே கிடக்கும். சங்கிலி ஒலித்தால் நிறுத்துவதுதான் காவலரின் வேலை. அவருக்குப் புழுதி தெரிந்தது, ஒலி கேட்கவில்லை.

"யாரது போறது?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

"யாருமில்ல அய்யா," என்றாள் தொற்காள்.

அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

ஆற்றைக் கடந்து அக்கரையில் குடிசை போட்டார்கள். அங்கே முன்பிருந்தே வாழ்ந்தவர்கள் மீன் கொடுத்தார்கள், எந்தக் கிழங்கைத் தின்னலாம் என்று காட்டினார்கள். லீதியின் கணுக்காலில் தோல் மூடி வளர்ந்தது. தாயும் பிள்ளையும் ஒரே பாயில் படுத்தார்கள். தொற்காளுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நற்கதியில் ஆறு மாதமாக ஒரு குற்றமும் நடக்கவில்லை என்பதால் ஆளுநருக்குப் பதவி உயர்வு வந்து அவர் ஊர் திரும்பினார். மேய்க்க ஆளில்லாமல் போன யோபு, பழைய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தான்.

ஊர் என்றால் ஒரு தலைவர் வேண்டும். நிர்வாகம் தெரிந்தவன் யோபு ஒருவன்தான். தெரியாத தேவதைக்குத் தெரிந்த பேயே மேல் என்று அவனுக்கே கை தூக்கினார்கள். தொற்காளும் தூக்கினாள். ஊருக்கு விடுதலைபுரம் என்று பெயர் வைத்தார்கள். யோபு பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஆள் இல்லாத இடத்தில் நிறுவப்பட்டது என்று முதல் வரி எழுதினான். மீன் கொண்டுவந்த பெரியவர் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு பேர் வாசிக்கத் தொடங்கினான். தொற்காள் பேர் வந்தது. அவள் இருக்கேன் என்றாள். யோபு குனிந்தபடியே இருந்தான், பேனா நகரவில்லை. மறுபடி வாசித்தான்.

"உன் முன்னாலதான நிக்கேன் யோபு. நிமிந்து பாரு."

"தெரியுதும்மா," என்றான் அவன், மரியாதையாகத்தான். "ஆனா வாயால சொன்னா எப்படி எழுத? அது அவுக அரசாங்கம், ஏமாத்துனோம். இது நம்ம அரசாங்கம். இதையும் நாலு பேரு ஏமாத்தவா?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அதுவும் சரிதானே என்று யாரோ சொல்வது கேட்டது. தொற்காள் தீத்துவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோபு அவள் பேருக்கு நேரே எதையோ குறித்துவிட்டு அடுத்த பேரை வாசித்தான்.

"லீதியாள்."

லீதி தாயின் கையை விட்டு முன்னே போனாள். வலது காலைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டினாள். யோபுவின் பேனா காத்திருந்தது. பிள்ளை திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கே கேட்டேன்லாம்மா," என்றாள்.