இருபது ஏற்றி இருபது இறக்கியவன்

எதிர்க்கடைக்காரரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாய். அப்போதும் தலைமுடி கறுகறு என்றிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணி சிரிப்பு இன்னும் காதுலயே இருக்குண்ணே" என்றார்.

என் மனைவி போய் இரண்டு வருஷம். சாகக் கிடப்பவரிடம் சண்டை போடவா முடியும்? எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு பேருக்குமே குடைக் கடைதான். என் மனைவி இருந்தபோது, அவர் கடை வாசலில் நின்று அவள் அப்படிச் சிரிப்பதை ஒருநாள் பார்த்தேன். என்னிடம் அந்தச் சிரிப்பில் கால்வாசிகூட வந்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: அந்த ஆளை ஈ ஓட்ட வைக்க வேண்டும்.

"எல்லாக் குடைக்கும் அடக்க விலைக்கு மேல இருபது சதவீதம் ஏத்துறேன். அப்புறம் இருபது சதவீதம் தள்ளுபடின்னு பலகை வைக்கிறேன். ஏறினது இறங்கிடும். லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. அவன் கடைதான் காலி" என்றேன் மனைவியிடம்.

"சரிங்க" என்றாள்.

அவள் உடனே சரி சொன்னதே கிடையாது. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கூட்டம் அள்ளியது. கால்குலேட்டர் காட்டியதை வாங்கிக் கல்லாவில் போட்டேன். அடக்க விலையைப் பார்க்க ஏது நேரம்? கண் எதிர்க்கடையில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மட்டும் டஜன் டஜனாக வாங்கினாள்.

"இத்தனை குடை எதுக்கும்மா?"

"மழை எல்லாப் பக்கமும் பெய்யுதேண்ணே."

மறுவாரம் எதிர்க்கடையில் என் குடைகள் வரிசையாகத் தொங்கின. வீட்டுக்கு ஓடினேன்.

"நம்ம குடை அங்க எப்படிப் போச்சு?"

"தையக்கார அக்காவை விட்டு வாங்கி நான்தான் வித்தேன். அடக்கம் நூறு ரூபா குடை உங்ககிட்ட தொண்ணூத்தாறு. அவருக்கு நூத்தியெட்டு. மொத்தக் கடையில சரக்கு இல்ல, நம்மகிட்டயும் தீரப்போகுது; அப்புறம் அவர் சொல்றதுதான் விலை."

"என்னடி சொல்ற? நூறுக்குல்ல நான் வித்தேன்?"

"நூறு மேல இருபது ஏத்தினா நூத்தியிருபது. அதுல இருபது சதவீதம் எவ்வளவு?"

விரலை மடக்கினேன். பத்து விரல் போதவில்லை.

"இருபத்தி நாலு" என்றாள் அவளே. "உங்களுக்கு நாலு சதவீதம் நஷ்டம். எனக்குப் பன்னிரண்டரை லாபம்."

"லாபம் கிடக்கட்டும். அந்த ஆளுகிட்ட என்ன அப்படிச் சிரிப்பு?"

"நீங்க விக்கிற அழகைத்தான் நடிச்சுக் காட்டினாரு. சிரிக்காம என்ன பண்றது? இனிமே கல்லாவுல நான் உக்காருறேன். நீங்க குடையை விரிச்சுக் காட்டுங்க, போதும்."

அந்த லாபத்தில் ஒரு நாற்காலி வாங்கினாள். எதிர்க்கடைக்கு முதுகு காட்டிப் போடச் சொன்னேன். அதை மட்டும் கேட்டாள்.

இப்போது அவளும் இல்லை, அவரும் இல்லை. நாற்காலி அங்கேயே கிடக்கிறது. நான் நின்றுகொண்டுதான் விற்கிறேன்.