சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு

கோமதிநாயகம் தன் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் இரண்டு. ஒன்று, சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் பம்புசெட்டு சாமான் கடை வைத்தது. இன்னொன்று, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக மனைவி ஆவுடையம்மாளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எடுத்தது.

"தாயே கோமதி, இவளை நல்லபடியாத் திருப்பிக் கொடுத்துரு. தேறினதும் கார்ல வெச்சு ஊரெல்லாம் சுத்திக் காட்டுதேன். மூணு நாளைக்கு இவ கரண்டியத் தொடாம நான் பாத்துக்கிடுதேன்."

அம்மன் தன் பங்கைச் சுத்தமாகச் செய்துவிட்டாள். ஆவுடையம்மாள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள். வந்த கையோடு வாயும் வந்து சேர்ந்தது. "இவியளுக்குக் கடையில கல்லா நிறையல. எனக்கு வயித்துலயே கல்லா நிறைஞ்சுட்டு" என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் கோமதிநாயகம் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவள் படுத்திருந்த நாட்களில் அவருடைய அக்கா சுந்தரம்மாள் வந்து சமைத்தாள். அக்கா தங்கமானவள். ஆனால் அவள் வைத்த ரசத்தில் அழுக்குத் துணியை முக்கினால் வெளுத்துவிடும். ஓட்டலுக்குப் போனாலோ அவருக்கு ஏப்பம். இட்லிக்கு ஒரு ஏப்பம், தோசைக்கு இரண்டு. இடுப்பு வேட்டி நழுவ ஆரம்பித்தபோதுதான் அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. மனைவியை விட்டுக்கூட இருந்துவிடலாம், அவள் குழம்பை விட்டு இருக்க முடியாது. இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் பக்கத்து டயர் கடை முகம்மது அப்சலிடம் மட்டும் சொன்னார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் காவியா, அப்பாவின் வேண்டுதல் தெரிந்து, தோப்பு வீடு, தோட்ட வீடு என்று தங்கும் இடங்களாகப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் மூன்று வேளையும் பஃபே சாப்பாடு. இன்னொன்றில் எண்ணெய் இல்லாச் சமையல். மற்றொன்றில் உப்பு, புளி, காரம் மூன்றுமே கிடையாதாம். "இது தோட்டமா, ஆஸ்பத்திரியா?" என்று போனைக் கீழே வைத்தார். கடைசியாகப் பண்பொழிப் பக்கம் ஒரு தோட்டம் வந்தது. மாந்தோப்பு, கிணறு, பின்னால் மலை. அடுப்போடு அடுக்களை. 'சமையலுக்கு ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லவும்' என்று கீழே ஒரு வரி. கோமதிநாயகம் முகம் மலர்ந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தால் போதுமே!

"ஏன்வே நாயகம், தங்கச்சிக்கு ரெஸ்ட்டு குடுக்கேன்னு சொல்லிட்டு அடுப்பு இருக்க எடமாத் தேடுதீரு?" என்றார் அப்சல்.

"அடுப்பு சும்மா ஒரு பாதுகாப்புக்குவே."

"தீயணைப்பு வண்டி நின்னாப் பாதுகாப்பு. அடுப்பு என்னவே பாதுகாப்பு?"

"கேளும். அங்க போறோம். சமைக்க ஆளைக் காணும். நான் ஐயோன்னு நிக்கேன். அவ என் மூஞ்சியப் பாத்து இரக்கப்பட்டு, சரி தள்ளுங்கன்னு எந்திரிப்பா. நானா சொல்லல பாத்தீரா?"

"அப்ப அம்மன்ட்ட சொன்னது?"

"கரண்டி விஷயத்த நான் பாத்துக்கிடுதேன்னுதான சொன்னேன்? பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

அப்சல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா வருவீருவே" என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஆவுடையம்மாள் போனில் படங்களைப் பார்த்தாள். மாமரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கயிற்றுக் கட்டிலைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எடம் நல்லாருக்கு. சமையல் யாரு?"

"அதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு?"

"வீட்டுக்காரர்டி. தோட்டம்னா சும்மாவா?"

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்."

"டீ?"

"நீ கேக்கும்போதெல்லாம்."

"பாத்திரம்?"

"அதுவும் வீட்டுக்காரர்தான் கழுவணும். அங்க அப்படித்தான் சட்டம்." பொய்க்கு ஒரு ருசி உண்டு. நாக்கில் பட்டுவிட்டால் நிறுத்த முடியாது. "குளிக்க வெந்நீர்கூட வீட்டுக்காரர்தான் போட்டுத் தருவாரு. நீ கட்டில்ல படுத்து மலையப் பாத்துட்டே இரு."

ஆவுடையம்மாள் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏட்டி காவியா, உங்க அப்பா ஒண்ணு சொல்லுதாவ, நல்லாக் கேட்டுக்கோ. ஏங்க, இன்னொரு தடவ சொல்லுங்க."

கோமதிநாயகம் பெருமையாகச் சொன்னார். மறுமுனையில் காவியா ஏன் அப்படிச் சிரித்தாள் என்பது அவருக்குப் புரியவில்லை. அம்மா உடம்பு தேறிய சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனி மாதச் சாரலில் கார் கிளம்பியது. புளியங்குடி தாண்டியதும் மேகம் மலையை விட்டு இறங்கி வந்து கண்ணாடியில் பொடித் தூறலாக விழுந்தது. ஆவுடையம்மாள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். "கைய உள்ள இழு, பஸ் வருது" என்று அவர் நாலைந்து தடவை சொன்னார். அவள் இழுக்கவும் இல்லை, அவர் நிஜமாகக் கோபப்படவும் இல்லை. இப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பேச்சைக் கேட்காமல் வருவதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது அவருக்கு.

தோட்டத்துக் காவல்காரர் மருதப்பன் வாசலில் நின்று சாவியைக் கொடுத்தார். "பாலும் காய்கறியும் காலைல வாசல்ல வெச்சிருதேன். தேங்கா அந்தா குமிஞ்சு கிடக்கு, வேணுங்கறத உரிச்சுக்கிடுங்க" என்றார். கிணற்றுக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. மாடு கத்தியது, போய்விட்டார்.

கோமதிநாயகம் அடுக்களைக் கதவைத் திறந்தார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த திடுக்கிடலைத் திடுக்கிட்டார்.

"ஐயையோ ஆவுடை! சமையலுக்கு ஒருத்தரையும் காணுமே!"

ஆவுடையம்மாள் அதற்குள் மாமரத்தடிக் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். "ஏன், ஆளு வந்தாச்சே."

"எங்கன?"

"அந்தா, அடுக்களை வாசல்ல நிக்காரு."

கோமதிநாயகம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"வீட்டுக்காரர் பொறுப்புன்னு சொன்னிய. எனக்கு வீட்டுக்காரர் நீங்கதான? இல்ல, எனக்கே தெரியாம இன்னொருத்தர் இருக்காரா?"

"ஏட்டி, நான் சொன்னது இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர!"

"அவரு மெட்ராஸ்ல இருக்காரு. அங்கன இருந்து வந்து எனக்கு வெந்நீர் போடுவாரா? நல்லாருக்கே பேச்சு!"

"அது வந்து..."

"காவியாவும் கேட்டிருக்கா. போன் போடட்டா?"

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். தலையில் துண்டைச் சுற்றினார். உள்ளே போனார்.

"ஆவுடை, கடுகு எப்ப போடணும்?"

"எண்ணெய் காஞ்சதும்."

"காஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"வெரல விட்டுப் பாருங்க."

"ஏட்டி!"

"ஒரே ஒரு கடுகப் போட்டுப் பாருங்க. வெடிச்சா காஞ்சிருக்கு."

அவர் ஒரு கை போட்டார். கடுகு அவர் மூக்குக் கண்ணாடியில் வந்து வெடித்தது. ஒரு வழியாக ரவை வெந்தது. உப்புமாவில் உப்பைப் போட மறந்துவிட்டதால், தட்டில் வந்து விழுந்தது 'மா' மட்டும்தான். அவர் ஒரு வாய் வைத்தார். அக்கா சுந்தரம்மாளை மனதுக்குள் மன்னித்தார்.

ஆனால் ஆவுடையம்மாள் சாப்பிட்டாள். ஊதி ஊதி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"நல்லாவா இருக்கு?"

"நல்லால்ல. ஆனா சூடா இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் போட்டுட்டு நான் தட்ட எடுக்கையில எதுவும் சூடா இருந்ததில்லங்க. இன்னைக்குத்தான் ஆவி பறக்கச் சாப்புடுதேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்கு ரொம்பச் சுருக்கென்றது. தட்டை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர், தேய்த்த தட்டையே மறுபடி மறுபடி தேய்த்தார். இவள் இல்லாமல் போயிருந்தால் இந்தத் தட்டு யாருக்கு என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. அங்கேயே ஈரக் கையோடு அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டார். இந்த முறை அதில் வார்த்தை விளையாட்டு எதுவும் இல்லை. இவள் கரண்டியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் சமைத்த விதமே வேறு. காலையில் செங்கோட்டை, பாலருவி என்று காரில் சுற்றிக் காட்டுவார். திரும்பியதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார். கட்டிலில் இருந்து உத்தரவு வரும். இவர் உள்ளே இருந்து பதில் கொடுப்பார்.

"ரசம் பொங்கிட்டா?"

"நுரை கட்டுது!"

"இறக்குங்க. கொதிக்க விட்டா உங்க அக்கா ரசமாயிரும்."

இறக்கினார். நிஜமாகவே ரசமாக இருந்தது. கோமதிநாயகத்துக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. வயிற்றில் ஏப்பத்தையும் காணவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், "சொதி வைக்கட்டா?" என்று அவரே கேட்டுவிட்டார். ஆவுடையம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். திருநெல்வேலிச் சீமையில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் தேங்காய்ப்பால் குழம்புதான் சொதி. அது சரியில்லை என்றால் சம்பந்திகள் வருஷக்கணக்கில் பேசிக் காட்டுவார்கள்.

"தேங்காப்பாலு மூணு தடவ பிழியணும். பிழிவியளா?"

"பிழிவேன்."

"முதல் பாலக் கடைசிலதான் ஊத்தணும். ஊத்தினதும் இறக்கணும். கொதிச்சா திரிஞ்சிரும்."

"மோட்டாருக்கு காயில் கட்டுத கைட்டி இது. திரியுமா?"

தேங்காய் துருவியதில் கட்டை விரலில் பாதி துருவிப் போனது. இருந்தாலும் முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் பதமாக வெந்தன. முதல் பாலை ஊற்றிவிட்டு, குழந்தைக்குக் காவல் இருப்பதுபோல் அடுப்புப் பக்கத்தில் நின்றார். ஓரத்தில் ஒரு குமிழி எட்டிப் பார்த்ததும் சட்டென்று இறக்கினார். இஞ்சிச் சாறு விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

ஆவுடையம்மாள் ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். அவர் கையில் கரண்டியோடு நின்றார்.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் நட்டும் போல்ட்டும் வித்திய?"

கோமதிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்று பார்த்தார், முடியவில்லை. "நீ நல்லாருந்தா போதும்டி எனக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் அவர் கையில் இருந்த கரண்டியை வாங்கப் போனாள். பிறகு வாங்காமல், அந்தக் கையை மட்டும் பிடித்து ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள். மிச்சச் சொதியை ஒரு தூக்குவாளியில் ஊற்றி மருதப்பன் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பச் சொன்னாள். அவரே கொண்டுபோய், மருதப்பன் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஆவுடையம்மாள் புதுச் சேலையில் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கோமதிநாயகம் தலைத்துண்டோடு பைகளை ஏற்றினார், கார்க் கண்ணாடியைத் துடைத்தார். மருதப்பன் தயங்கித் தயங்கி வந்து அவரை டிக்கிப் பக்கமாக ஒதுக்கினார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். போன வாரம் அம்மா போன் போட்டாவ. சமையலுக்கு எங்க வீட்டுல இருந்து ஆள் அனுப்பட்டான்னு கேட்டேன். 'வேண்டாம், நான் தவசிப்பிள்ளையக் கூடவே கூட்டிட்டு வாரேன்'னு சொன்னாவ."

தவசிப்பிள்ளை என்றால் அந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டுச் சமையல்காரர். கோமதிநாயகத்தின் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"ஒரு அம்மாவுக்கு மூணு நாளைக்கு எதுக்குடா தவசிப்பிள்ளைன்னு நினைச்சேன். நேத்து சொதிய வாயில வெச்ச பெறகுதான் தெரிஞ்சுது. அண்ணாச்சி, ஆவணில எம் மவளுக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சொதிக்கு நீங்கதான் வரணும். உங்க அம்மாட்ட லீவு கேக்கச் சங்கடமா இருந்தா, நானே கேக்கேன்."

கோமதிநாயகம் காரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 'அவரு எம் புருஷன்' என்று இப்போது சொல்லுவாள், இதோ சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"சொதி என்னைக்கு அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"திங்கக்கிழமைம்மா."

"ஞாயிறுன்னா லீவு விட்டுருவேன். திங்கக்கிழமை முடியாது அண்ணாச்சி, வீட்டுல சமைக்க வேற ஆள் இல்ல."