பழுதாக மறுத்த கிற்றார்

ஐம்பது வயதுவரை எறும்புக்கும் தீங்கு நினைக்காத பிரகலாதன், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பல் தீட்டிக்கொண்டே ஒரு கொலைக்கு முடிவெடுத்தார். சாகவேண்டியது அவருடைய எலெக்ட்ரிக் கிற்றார். சிவப்பு நிறம். வாங்கி ஒரு வருடம்தான். பாவம், பிழைத்துப்போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அது உயிரோடு இருக்கும்வரை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் நீலக் கிற்றார் வீட்டு வாசலை மிதிக்காது.

காரணம் யசோதரா. துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் குன்றில் உள்ள அந்த வீட்டில் சட்டம் போடுவதும் யசோதராதான், தீர்ப்புச் சொல்வதும் யசோதராதான். பகலில் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பார். மிச்ச நேரத்தில் புருஷனுக்குப் படிப்பிப்பார். "வேலை செய்யிற சாமானை மாத்திறேல்லை" என்பது அவருடைய முதல் சட்டம். அந்தச் சட்டத்தின் தயவில் கலியாணப் பரிசாக வந்த மின்விசிறி இன்னும் முனகிக்கொண்டு சுற்றியது. ஸ்திரிக்கைப் பெட்டிக்கு மூன்றாவது கைப்பிடி. பிரகலாதனும் அதே சட்டத்தின் கீழ்தான் இருபத்தைந்து வருடமாகப் பாவனையில் இருந்தார்.

அந்த இருபத்தைந்துதான் விஷயமே. ஆவணி நடுவில் அவர்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. யசோதரா தேங்காய் துருவும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பார். சொல் கிடையாது, வெறும் இராகம். எங்கே கேட்டது, எப்போது பிடித்தது, அவருக்கே தெரியாது. "என்ன பாட்டு யசோ அது?" என்று ஒரு தடவை கேட்டதற்கு, "எந்தப் பாட்டு? நான் எங்க பாடினனான்?" என்று திருப்பிக் கேட்டார். அந்த மெட்டைக் கலியாண நாளன்று வாசித்துக் காட்டவேண்டும் என்பது பிரகலாதனின் இரகசியம். அவர் அன்பை வாயால் சொல்லத் தெரியாத மனிதர். மிஞ்சிப் போனால் "தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்பார். கிற்றாராவது தனக்காகக் கதைக்கட்டும் என்று நம்பினார்.

கிற்றார் கதைக்கவில்லை. ஒரு வருடமாகக் கந்தோர் வேலை விட்டு வந்து, அறைக்கதவைப் பூட்டி, தினமும் அரை மணித்தியாலம் வாசித்தார். வந்தது மெட்டு அல்ல, தோணியைக் கல்லில் இழுக்கிற சத்தம். கைத்தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்தார். மலிவான கிற்றார் என்றால் கம்பி தடிப்பு, முறுக்கும் திருகு வழுக்கும், ஒலியை வாங்கும் பிக்கப் இரையும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிழை வாசிக்கிறவனில் இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் வாசிக்கிறவர்கள் என்பதால் இருக்கலாம்.

ஆகவே கொலை. ஆலோசனைக்கு வேலிக்கு அப்பால் அப்துல் மஜீத் இருந்தார். உள்துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர்.

"நானா, ஒரு கிற்றாரைப் பழுதாக்கிறதெண்டால் என்ன செய்யலாம்?"

மஜீத் கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்தார். "பழுதாக்கவா? முப்பது வருசத் தொழில்ல இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்ல சேர். எல்லாரும் திருத்தத்தான் கொண்டுவாறாங்க."

"யசோவுக்குத் தெரியக்கூடாது."

"மிஸ்ஸுக்கா? அப்ப நீங்க கை வைக்காதீங்க. கடல்கிட்டக் குடுத்திடுங்க. உப்புக்காத்து எஞ்சினையே திண்டுபோடும். கம்பி எம்மாத்திரம்?"

துறைமுகத்தைப் பார்த்த யன்னலில் கிற்றாரைச் சாய்த்து வைத்தார் பிரகலாதன். காற்று தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. பத்து நாளில் ஆறு கம்பியும் கறுத்துச் சொரசொரத்தன. செத்த வீட்டு முகத்தோடு குசினிக்குப் போனார்.

"யசோ, இஞ்ச பாரும். முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"கிற்றார். கறள் பிடிச்சிட்டுது. இனி ஒண்டும் செய்யேலாது."

யசோதரா ஒரு விரலால் கம்பியைத் தடவிப் பார்த்தார். "கம்பியில கறள் பிடிச்சால் கம்பியை மாத்திறது. அதுக்கு ஏன் இப்படி முகத்தை வைச்சிருக்கிறீங்கள்?"

மறுநாள் கந்தோரால் வந்தபோது கிற்றாரில் புதுக் கம்பிகள் மின்னின. முந்தியதைவிட மெல்லியவை. விரல் நோகவில்லை. பிரகலாதனுக்கு அது சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததே என்று கோபமும் வந்தது. அதைவிட, மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. "கம்பி மாற்றப்பட்டது. வாசிப்பு முன்போலவே" என்று யசோதராவின் அழகான எழுத்து.

"இதென்ன கொப்பி?"

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினால் பிழை எங்கயெண்டு தெரியாதப்பா. ஒவ்வொண்டாத்தான் மாத்திப் பாக்கோணும். பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான்."

அந்த இடத்தில் அவர் பயந்திருக்கவேண்டும். பயப்படவில்லை. அடுத்த வாரம் தையல் மெசின் லாச்சியில் இருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, முறுக்கும் திருகுகளையெல்லாம் தளர்த்தி விட்டார். கம்பிகள் தொய்ந்தன. "திருகு தேஞ்சுபோச்சு யசோ, சுருதி நிக்குதில்லை" என்றார். யசோதரா திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நாளில் ஆறு புதுத் திருகுகள் வந்து உட்கார்ந்தன. சுருதி மலைபோல நின்றது. கொப்பியில் இரண்டாவது வரி ஏறியது. "திருகு மாற்றப்பட்டது. வாசிப்பு முன்போலவே."

பிரகலாதன் பொறுமை இழந்தார். கிற்றாரின் பின்மூடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஓடிய வயரை வெட்டினார். வெட்டியபிறகு கிற்றாரைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மூடியைப் பூட்டும்போது, "மன்னிச்சுக்கொள்" என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விறாந்தைக் கதிரையில் மஜீத் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் வயிறு திறந்தபடி கிற்றார். கையில் வயர் ஒட்டும் சோல்டர் கம்பியோடு யசோதரா.

"நானா! நீங்கள் இஞ்ச என்ன செய்யிறீங்கள்?"

மஜீத் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "மிஸ் கூப்பிட்டாங்க சேர். என்ட மகளுக்கு விஞ்ஞானம் படிப்பிச்சவங்க. அவங்க கூப்பிட்டா வராம இருக்கேலுமா?"

அந்த ஊரில் படிப்பித்த ரீச்சரின் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. சிநேகிதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"வயர் அறுந்திருந்துதப்பா," என்றார் யசோதரா, நிமிராமலே.

"எலியாயிருக்கும்."

"ஓம், எலிதான். நாலு ஸ்குரூவையும் கழட்டி, வயரை வெட்டி, மூடியைத் திருப்பிப் பூட்டிப்போட்டுப் போன எலி."

மஜீத்துக்குத் தேநீர் புரைக்கேறியது.

"திறந்ததுதான் திறந்தாச்சு, இரைச்சலும் போகட்டுமெண்டு புது பிக்கப்பும் போட்டிருக்கிறன். இனி அந்த எலியை உள்ள விடாதேங்கோ."

இரைச்சல் போய்விட்டது. அடுத்த நாள் பிரகலாதன் ஆறுதல் தேடிக் கடைக்குப் போனார். நீலக் கிற்றாரை எடுத்து மடியில் வைத்து, ஆசையோடு ஒரு தட்டுத் தட்டினார். திடுக்கிட்டார். வீட்டிலிருக்கும் சிவப்பின் சத்தம் இதைவிட நல்லது. கடைக்காரப் பெண் ஷிஃபானா அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஸ் உங்கட சிவப்பைக் கொண்டுவந்து காட்டினவங்க சேர். அதுக்கு இனி இந்தக் கடையில ஜோடி இல்ல."

கொலை செய்யப் போனவர், செத்துப்போகவேண்டியதைப் படிப்படியாக மேல்வகுப்புக்கு ஏற்றிவிட்டிருந்தார். சாட்டுச் சொல்ல இனிக் கம்பி இல்லை, திருகு இல்லை, பிக்கப் இல்லை. கலியாண நாளுக்கு எட்டு நாள் இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு, முதல் தடவையாக, சாட்டு இல்லாமல் வாசித்தார்.

கலியாண நாள் சனிக்கிழமையில் வந்தது. காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தார்கள். மட்டக்களப்பில் படிக்கும் மகள் நிரோஜினி தொலைபேசியில் வாழ்த்தினாள். பின்னேரம் நாலு மணிக்கு யசோதரா கிற்றாரையும் அதன் ஒலிபெருக்கி அம்ப்பையும் விறாந்தைக்குக் கொண்டுவந்து, செருகி, முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"வாசியுங்கோ."

"என்னத்தை?"

"ஒரு வருசமா கதவைப் பூட்டிப்போட்டு வாசிச்சதை."

பிரகலாதன் வாசித்தார். கிற்றார் தன் பங்கை ஒரு குறையும் வைக்காமல் செய்தது. அதுதான் வினை. இத்தனை நாள் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த பிழைகள் ஒவ்வொன்றும் குளித்து முழுகி வெளியே வந்து நின்றன. முதல் அடி தப்பித் தவறி வந்தது. நடுவில் மெட்டு ஏறித் திரும்பும் இடம் வந்ததும் விரல் இடறியது. திரும்பத் தொடங்கினார். திரும்ப இடறியது. மூன்றாம் தடவை கையை எடுத்துவிட்டார்.

"யசோ, இது நீர் தேங்காய் துருவேக்க பாடுற பாட்டு. இண்டைக்கு உமக்கு வாசிச்சுக் காட்டோணுமெண்டுதான் இதை வாங்கினனான்." கிற்றாரை மடியில் படுக்க வைத்தார். "எனக்கு வரேல்லை. வயரை வெட்டினதும் நான்தான்."

"அது தெரியும்," என்றார் யசோதரா. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு கையை நீட்டினார். "தாங்கோ."

கிற்றார் மடி மாறியது. யசோதரா கம்பியைத் தொட்டார். மெட்டு முழுதாக வந்தது. மெதுவாக, அவசரமில்லாமல், அந்தத் திரும்பும் இடத்திலும் இடறாமல் வந்து முடிந்தது. பிரகலாதன் வாயை மூட மறந்து இருந்தார்.

"நீர்... எப்ப?"

"பள்ளிக்கூடம் ரெண்டு மணிக்கு விடும். நீங்கள் அஞ்சுக்குத்தானே வாறனீங்கள்."

"ஏன் யசோ?"

"கம்பியை மாத்தினன், பிழை போகேல்லை. திருகை மாத்தினன், போகேல்லை. பிக்கப்பை மாத்தினன், அப்பவும் போகேல்லை. மிச்சமிருந்தது வாசிக்கிற ஆள். ஆளையும் மாத்திப் பாக்காமல் நான் எப்பிடி முடிவெழுதுறது?"

"அதுக்காக முழுப் பாட்டையும் பழகினீரோ?"

"அதுக்காக மட்டுமில்லை." யசோதராவின் குரல் இறங்கியது. "கதவுக்கு வெளியில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். பிழை பிழையா வந்தாலும் எங்கயோ கேட்ட மாதிரிக் கிடந்துது. ஒருநாள் தேங்காய் துருவேக்க எனக்கே பிடிபட்டுது. நான் பாடுறதை இவ்வளவு வருசமா ஒராள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாரெண்டு அண்டைக்குத்தானப்பா எனக்குத் தெரிஞ்சுது."

பிரகலாதன் யசோதராவின் இடக்கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனிகள் நாலும் தடித்துக் காய்த்திருந்தன. அவருடைய விரல்களும் அப்படித்தான் இருந்தன. இருபத்தைந்து வருடத்தில் இதற்கு மேலான ஒரு பரிசை அவர் வாங்கியதில்லை. நீலக் கிற்றாரின் நினைவு அந்த நிமிடத்தில் அவருக்குச் சத்தியமாக இல்லை.

ஞாபகப்படுத்தியது யசோதராதான். "கலியாண நாளுக்கு நகை வாங்கவெண்டு நாளைக்கு நகைக்கடைப் பக்கம் போகவேண்டாம். கிற்றார்க் கடைக்குப் போவம். இனி ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம். உங்களுக்கும் ஒண்டு வேணும்தானே?"

பிரகலாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "யசோ, மெய்யாவோ? அப்ப அந்த நீலம்..."

"நீலம் பிறகு பாப்பமப்பா. ஷிஃபானாட்டைச் சொல்லி, பழகத் தொடங்கிற ஆக்களுக்கெண்டு வாற கிற்றாரில ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்."