மாப்பிள்ளை பஸ்ஸும் வானத்துக் கிழக்கும்

கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் எது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் காட்டிய வழியை நம்பி, கோட்டும் சூட்டுமாக உப்பளத்தின் நடுவில் போய் நின்ற ஒரு மனிதர் இன்று எனக்கு அத்தான். என்னை மன்னித்துவிட்டதாகத்தான் சொல்கிறார். ஆனாலும் வெளியூர் போகும்போது காரின் முன் சீட்டில் என்னை உட்கார விடுவதில்லை.

அப்போது நான் புனேயில் ஆராய்ச்சி மாணவி. கேலக்ஸிகள், அதாவது நட்சத்திரங்களின் பெருங்கூட்டங்கள், சில இடங்களில் நூற்றுக்கணக்கில் கொத்தாகச் சேர்ந்திருக்கும். கொத்துக்குள் இருக்கும் இடைவெளி வெறும் இடைவெளி இல்லை. அங்கே கடுஞ்சூடான வாயு நிரம்பிக் கிடக்கிறது. அதற்குள் ஒரு கேலக்ஸி விழும்போது அதற்கு எதிர்க்காற்று அடிக்கும். ஸ்கூட்டரில் போகிறவளின் துப்பட்டா பின்னால் பறக்கிற மாதிரி, அந்தக் கேலக்ஸியிடம் இருக்கும் குளிர்ந்த மூலக்கூறு வாயு வாலாக நீண்டு இழுபடும். நட்சத்திரம் பிறப்பதே அந்தக் குளிர்ந்த வாயுவிலிருந்துதான். அது போய்விட்டால் புது நட்சத்திரம் கிடையாது. எந்தக் கேலக்ஸியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்தத் திசையில் பறிபோகிறது என்று படம் போடுவது என் வேலை. (அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். குளிரில் அது வாயே திறக்காது. கூடவே கொஞ்சமாய்க் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அனுப்புகிற ரேடியோ அலையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.)

இதையெல்லாம் வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர்கள் மனதில் நின்றது ஒரே ஒரு வார்த்தை. "சின்னவ மேப்பு போடுற படிப்புல டாக்டருக்குப் படிக்கா" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுத்திருக்க வேண்டும்.

ஜான்சி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரெக்ஸ், மணப்பாட்டுக்காரர், கப்பலில் இன்ஜினியர். அவருக்குக் கிடைத்த துண்டு லீவில் நிச்சயதார்த்தத்தைத் தூத்துக்குடியில் அத்தை வீட்டிலேயே முடித்துவிட்டோம். அதனால் மாப்பிள்ளை வீட்டார் யாரும் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் தருவைகுளத்துக்கும் வடக்கே, கடலை ஒட்டியது. மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் நேரே மாதா கோயில்தான்.

"கார்டுக்குப் பின்னால வழி போடணும். மணப்பாட்டுக்காரக பஸ்ஸுல வாராக" என்றார் அப்பா. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எந்தப் பொருளும் குறித்த இடத்தில் போய் இறங்க வேண்டும் அவருக்கு. யார் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கோ அந்த வாரம் இருப்புக் கொள்ளவில்லை. என் முதல் ஆய்வுக் கட்டுரைக்கான கேலக்ஸிப் படத்தை உடனே அனுப்பச் சொல்லி வழிகாட்டிப் பேராசிரியர் புனேயிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அம்மா. "ஏளா, மேப்பு முடிஞ்சிட்டா?" என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்ட அதே நேரத்தில், "மேப் முடிந்ததா?" என்று அவர் மெயிலில் கேட்டார். நான் வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடப்பேன், லேப்டாப் முன் உட்காருவேன், இரண்டு வரி தட்டுவேன், எழுந்து காலண்டரைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும்விட அதிகமாகக் களைத்துப்போனவள் நான்தான்.

அந்த அவசரத்தில்தான் எனக்கு அந்த மகத்தான யோசனை தோன்றியது. கேலக்ஸிப் படம் போடும் புரோகிராம் கையிலேயே இருக்கிறதே, அதிலேயே ஊருக்கு வழியையும் போட்டுவிட்டால் என்ன? கேலக்ஸி இருந்த இடத்தில் கோயிலை வைத்தேன். வால் இருந்த இடத்தில் ரோட்டை வைத்தேன். கடலை வரையவில்லை. (எங்கள் துறையில் சிக்னல் இல்லாத இடத்தைக் காலியாக விட்டுவிடுவோம். கடலிலிருந்து யாரும் கல்யாணத்துக்கு வரப்போவதில்லையே.) படம் அவ்வளவு லட்சணமாக வந்தது. நானே இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்து ரசித்தேன்.

அச்சுக்குப் போகும் முன் கார்டை வீடே கூடிச் சரிபார்த்தது. மாமாக்கள் பெயர் வயது வரிசையில் இருக்கிறதா என்று அம்மா பார்த்தாள். யார் பெயராவது விட்டுப்போய்ச் சண்டை வருமா என்று அப்பா பார்த்தார். தன் பெயருக்குப் பின்னால் படிப்பு சரியாகப் போட்டிருக்கிறதா என்று அக்கா பார்த்தாள். பின்பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. சொந்த வீட்டுக்கு வழி யாராவது பார்ப்பார்களா?

கல்யாணத்தன்று காலையில் தூத்துக்குடி தாண்டிவிட்டோம் என்று மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸும் இல்லை, போனும் இல்லை. நாங்கள் கூப்பிட்டபோதும் லைன் கிடைக்கவில்லை. பூசை நேரம் வந்தது. பூசை நேரம் போனது. எங்கள் பங்குச் சாமிக்கு, அதாவது பாதிரியாருக்கு, அதே காலையில் அடுத்த ஊரிலும் ஒரு கல்யாணம். அவர் கோயில் வாசலில் நின்று கைக்கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுப்பதாகவும், அதற்கு மேல் போனால் இந்தக் கல்யாணத்தைச் சாயங்காலத்துக்குத்தான் வைக்க முடியும் என்றும் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாடகர் குழு கல்யாணப் பாட்டுகளை முடித்து, மாதா பாட்டுகளை முடித்து, வேறு வழியில்லாமல் கிறிஸ்துமஸ் பாட்டில் இறங்கியது. நடந்துகொண்டிருந்தது மே மாதம்.

பெஞ்சுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. கப்பலிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருப்பார்களோ என்று ஒரு பெரியம்மா கேட்டாள். மாப்பிள்ளைக்கு இஷ்டம்தானா என்று யாராவது தனியாக விசாரித்தீர்களா என்று இன்னொருத்தி. நான் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் பக்கத்து அறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அந்த அறையில்தான் வெள்ளைச் சேலையும் தலையில் முக்காட்டு வலையுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த பூச்செண்டிலிருந்து இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. அப்பா கேட்டார், முகம் சுருங்கியது, என்னிடம் நீட்டினார். பேசியது மாப்பிள்ளையின் தாய்மாமா. கப்பலில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கேப்டன் மாமா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். (அவர் கேப்டனாக இருந்ததில்லை. குரல் மட்டும் கேப்டன் குரல்.)

"ஏம்மா, நீ போட்ட சார்ட்டுப்படிதான் வந்தோம். எடது கைப் பக்கம் திரும்பியாச்சு. குளங்கூட வந்துட்டு. கோயிலத்தான் காணோம்."

"எடதா? சோத்தாங்கைப் பக்கம்லா மாமா திரும்பணும். குளம் ஏது எங்க ஊர்ல?"

"சார்ட்டுல இருக்கே" என்றார் அவர், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

பெஞ்சில் கிடந்த ஒரு கார்டை எடுத்துத் திருப்பினேன். என் அழகான படம். மூலையில் சின்னதாக இரண்டு அம்புக்குறிகள்: வடக்கு மேலே, கிழக்கு இடது பக்கம். வானத்துப் படங்களில் அப்படித்தான் போடுவோம். தரையை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், வானத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். வடக்கே தலை வைத்து மல்லாந்து படுத்தால் கிழக்கு இடது கைப் பக்கம்தான் இருக்கும். என் புரோகிராம் எங்கள் ஊரை ஆகாயத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கோயிலைத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தது. குளம் என்று அவர்கள் நினைத்தது இடது மூலையில் இருந்த நீள்வட்டம். தொலைநோக்கியின் பார்வை எவ்வளவு கூர்மை என்று காட்டுவதற்காக ஒவ்வொரு படத்திலும் தானாக விழுகிற குறி அது. கல்யாணக் கார்டிலும் தானாக விழுந்திருந்தது.

பஸ்ஸுக்குள் நடந்ததை அத்தான் பிற்பாடு சொன்னார். போனில் இருந்த மேப்பு வலது பக்கம் போகச் சொல்லியிருக்கிறது. கடற்கரை ஊருக்குக் கடலை விட்டு விலகியா போவார்கள் என்று அவருடைய அம்மாவும் கேட்டிருக்கிறார். கேப்டன் மாமா அசையவில்லை. போனில் வருவதை யாரோ ஊர் பேர் தெரியாதவன் போடுகிறான், இதைப் போட்டது மேப்பு போடுவதற்கென்றே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டாராம். உப்பளத்துக்குத் தண்ணீர் தேக்கி வைத்திருந்த ஒரு பள்ளம் கண்ணில் பட்டதும், "குளம் வந்துட்டு, நேரா விடுலே" என்று டிரைவரிடம் கம்பீரமாகச் சொல்லியிருக்கிறார். டிரைவர் நேராக விட்டார். உப்பளத்து மண்ரோடு குறுகிக்கொண்டே போய், முன் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

அக்காவிடம் யார் சொல்வது? நான்தான் போனேன். அவள் பூச்செண்டைக் கீழே வைத்தாள்.

"அவுகளுக்கு வர மனசில்லியா?"

"மனசெல்லாம் இருக்குக்கா. உப்பளத்துல நிக்காக. நான் போட்ட மேப்பப் பாத்து வந்துட்டாக."

அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்மை கரைந்து கன்னம் வரைக்கும் வந்துவிட்டது. இடையில் அழுதாளோ என்று எனக்குச் சந்தேகம். அரைமணி நேரமாக அவள் என்ன நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிடம் என்னை நானே வெறுத்தேன். "ஏளா, உன்னய நாளைக்குக் கொல்லுதேன். இப்ப போயி அவுகளக் கூட்டிட்டு வா" என்றாள்.

அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு பறந்தேன். உப்பளத்தில் வெள்ளை வெளேரென்ற வெயில். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கரை நெடுகப் பட்டுச் சேலைகள், வேட்டிகள், பூத்தட்டுகள். நடுவில் நீலநிற சூட்டில் மாப்பிள்ளை, முழங்கால் வரை உப்புச் சேறு. பஸ்ஸைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். கேப்டன் மாமா மட்டும் கார்டைக் கையில் பிடித்தபடி, கைவிடப்பட்ட கப்பலின் தலைவராக நிமிர்ந்து நின்றார்.

மூச்சு வாங்க அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இது வானத்துப் படம், அண்ணாந்து பார்க்கிற மாதிரி போட்டது, தப்பு முழுக்க என்னுடையது. அவர் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்தார். படம் தரையைப் பார்க்கும்படி கார்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி மெதுவாகச் சுற்றினார். வடக்கு வடக்கோடு பொருந்தியதும் நின்றார். கிழக்கு அம்பு நேராகக் கடலைக் காட்டியது.

"சார்ட்டு சரிதாம்மா. நாங்கதான் பிடிக்கத் தெரியாம பிடிச்சிட்டோம்" என்றார்.

யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

பக்கத்தில் உப்பு ஏற்ற நின்ற குட்டியானை வண்டியை அத்தான் கெஞ்சிப் பிடித்தார். தன் அம்மாவை டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டு, மாப்பிள்ளைத் தோழனும் கேப்டன் மாமாவும் அவரும் பின்னால் உப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். முன்னால் நான் ஸ்கூட்டரில். மெயின் ரோட்டுக்கு வந்ததும் கை தன்னால் இடது பக்கம் நீண்டது. குட்டியானை டிரைவர் என்னைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கிழக்கே விட்டார்.

கோயில் வாசலில் சாமி பைக்கில் ஏறி உட்கார்ந்திருந்தார். குட்டியானையைப் பார்த்ததும் இறங்கினார். அக்கா உள்ளே வந்தபோது அத்தானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். தாலி கட்டும்போது அவருடைய சட்டைக் கையிலிருந்து உப்பு உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. சாமி எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு உப்பைப் பற்றியே பேசினார். சுருக்கமாகப் பேசினார், ஆனால் கோயில் முழுக்கச் சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். நிம்மதியில்தான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். புனே திரும்பியதும் பயத்தில் என் கேலக்ஸிப் படத்தில் கிழக்கைத் தூக்கி வலது பக்கம் போட்டு அனுப்பினேன். பேராசிரியர் உடனே கூப்பிட்டார். உன் கேலக்ஸியின் வால் ஏன் கொத்தின் மையத்தைப் பார்த்து நிற்கிறது, காற்று திரும்பி அடிக்கிறதா என்று கேட்டார். நான் கல்யாணத்தைச் சொன்னேன். அதை அவர் மாநாட்டுக்கு மாநாடு சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டுரையை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அந்தப் போட்டோவை அக்கா வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரிடம் வழி கேட்டாலும் முதலில் உள்ளங்கையைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகுதான் பதில் வரும். அப்பாகூடச் செய்கிறார்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். கார்டு அடிக்கிற பொறுப்பை அக்கா தானே எடுத்துக்கொண்டாள், என்னிடம் காட்டவே இல்லை. ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் ஒன்று என் கைக்கு வந்தது. பின்பக்கத்தில் வழிப்படம் இல்லை. வெறுமையாக இருந்த அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: "வழியை மணமகளிடம் கேட்க வேண்டாம்." கேப்டன் மாமா என் கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்.