டீசல் அக்கா மவுஸ் பிடித்த வாரம்

"...மறதியாம், எனக்கு! அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கு என் கைய தெரியல, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று டீசல் அக்கா ஆபீஸ் வாசலில் நின்று கத்தியது உப்பளத்தின் கடைசிப் பாத்தி வரை கேட்டிருக்கும்.

மரக்காணம் அளத்தில் அவரை எதிர்த்து நின்ற எஞ்சின் கிடையாது. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்கள், அவர் ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டிலைக் கையில் எடுத்தாலே பயந்துபோய்ப் புகை விடும். அவருடைய உண்மைப் பெயர் அவர் புருஷனுக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

நான் அப்போது அளத்து ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவர்கள் எஞ்சின் ஓட்ட வேண்டுமானால் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் ஆன்லைன் டெஸ்ட் தேற வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தேறாதவர்கள் ஹேண்டிலைக் கொடுத்துவிட்டு உப்பு சுமக்கப் போகவேண்டியதுதான்.

திரையில் மஞ்சள் வட்டம் வந்ததும் அம்பை அதன்மேல் கொண்டுபோய் அமுக்க வேண்டும். அக்கா மவுசை இரண்டு கையாலும் பிடித்து, உப்பு வாரும் பலகையை இழுப்பதுபோல் பதமாகத் தன் பக்கம் இழுத்தார். வட்டம் வந்தது, போனது.

"சீக்கிரம்க்கா!" என்றார் டெஸ்ட் எடுக்க வந்த பெண்.

"சும்மா இரும்மா. வெடுக்குனு இழுத்தா அடிச்சேறு கலங்கிடும்."

மேஜை விளிம்பு வந்ததும் நிமிர்ந்தார். "எடம் பத்தல. இன்னொரு மேஜ போடு."

ஞாபகமும் கவனமும் போதாது என்று முடிவு வந்தது. அதற்குத்தான் வாசலில் அந்தக் கத்தல். ஒரு வாரத்தில் இன்னொரு டெஸ்ட், அதுதான் கடைசி. பக்கத்து ஷெட்டில் எஞ்சின் ஓட்டும் பச்சையப்பனுக்கும் அந்த அடுத்த வாரத்து நாளில்தான் டெஸ்ட். "யக்கா, ஆமை கூட உன்னைவிட ஃபாஸ்ட்டு" என்று சிரித்தார்.

"சிரிடா. அடுத்த வாரம் நீயும் இதே சேர்லதான் குந்தணும்."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அக்கா என் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடினார். அம்பு தப்பி ஓடினால், "டேய், நில்லுடா!" என்று அதட்டுவார். "ஏம்பா, இந்த ராணிய நவுத்தறதுக்கு என் மாமியாரையே நவுத்திடலாம்போல இருக்குது." விடவில்லை. "கை பழகற வரைக்கும் என் மூளைய பத்தி எவனும் பேசக்கூடாது, சொல்லிட்டேன்."

மறு டெஸ்டில் வட்டம் வர வர டக்கு டக்கென்று அமுக்கினார். தேறிவிட்டார். ஹேண்டில் அவருக்கே.

அடுத்து பச்சையப்பன். மவுசைத் தொட்டதும் அம்பு திரை ஓரத்துக்கு ஓடிப்போனது. "எனக்கு வராதும்மா, நான் போறேன்" என்று எழுந்தார். பழைய கிண்டலுக்குப் பதிலாக அக்கா போடப்போகும் சத்தத்துக்கு நான் காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"டெஸ்ட் அப்புறம் வெக்கலாம். மொதல்ல சீட்டப் போடும்மா" என்றார் அக்கா, டெஸ்ட் எடுக்கும் பெண்ணிடம். பச்சையப்பனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவருடைய கையை மவுசோடு சேர்த்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, மெல்ல நகர்த்த ஆரம்பித்தார்.