பிடரியில் வைத்த பொறி

சிலருக்கு நோய் வந்த பிறகு பயம் வரும். எனக்குப் பயம் முதலில் வந்துவிடும். நோய் சாவகாசமாக வரலாம், வராமலும் போகலாம், அதற்காக நான் காத்திருப்பதில்லை. ரேடியோவில் காசநோயைப் பற்றிப் பேசினால் இருமுவேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டுவலி என்றால் நான் நொண்டுவேன். ("இவருக்குப் பிரசவ வலி மட்டுந்தான் பாக்கி" என்பாள் என் மனைவி லெட்சுமி. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அதுவும் வந்தது.)

நான் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே குதூகலித்தது. எனக்குப் பிடரியில் கட்டி வந்திருந்தது. சுண்டைக்காய் அளவுதான். வலியில்லை. வலிக்காத கட்டிதான் புற்று என்று எங்கேயோ கேட்டிருந்ததால், அந்த வலியில்லாமைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. செமாபோக்கிலிருந்த லெட்சுமியோடு கல்யாணம் நிச்சயமாகி, அடுத்த மாதம் தாலி கட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனால் சொல்லிவிடுவார்களே! அதனால் பஞ்சர் ஒட்ட வந்த டிரெசர் மாணிக்கம் அண்ணனிடம் (ஆஸ்பத்திரியில் ஊசியும் கட்டும் போடுபவர், எங்கள் வட்டாரத்துக்குப் பாதி டாக்டர்) மெல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணே, என் கூட்டாளி ஒருத்தனுக்கு..."

"கூட்டாளிக்கா? சரி, சொல்லு."

"இந்தப் புத்துநோய் எப்படிண்ணே வளருது?"

விளக்கம் சொல்வதென்றால் அவருக்கு உயிர். "உடம்புல இருக்குற அணுவெல்லாம் அளவா திங்கும் தம்பி. இந்தப் புத்து அணு இருக்கே, கல்யாண வீட்டுல மொதப் பந்திக்கு ஓடுறவன் மாதிரி. சக்கரைய அள்ளி அள்ளித் திங்கும். அதையும் முழுசா எரிக்காது. அரைகுறையா எரிச்சிட்டுப் புளிப்பத் துப்பும். வெள்ளக்காரன் எப்பவோ கண்டுபிடிச்சிட்டான்லா."

"அப்ப அந்தச் சக்கரையிலேயே ஏதாச்சும் கலந்து வச்சா?"

"வைக்கலாம். நல்ல அணுவ விட்டுட்டு அதுக்கு மட்டும் எப்படி வைக்கிறதுன்னுதான் யாருக்கும் தெரியல. உன் கூட்டாளிய நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லு."

கடைசி வாக்கியம் என் காதில் ஏறவில்லை. யாருக்கும் தெரியவில்லையாமே, எனக்குத் தெரியும்! எங்கள் கடையில் எலித் தொல்லை. பலகையில் கித்தாப் பால் (ரப்பர் பால் என்று எங்களில் யார் சொல்கிறார்கள்?) தடவி, நடுவில் ஒரு துண்டு குலா மலாக்கா வைப்போம். எங்கள் ஊர்த் தென்னை வெல்லத்தின் வாசனைக்கு வராத எலி கிடையாது. வந்தது காலைத் தூக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எலிக்குச் சரியானது அணுவுக்கும் சரிதானே? நல்ல அணுக்கள் ஒழுக்கமானவை, எட்டிக்கூடப் பார்க்காது. பேராசை பிடித்தது வரும், வாய் ஒட்டும், பட்டினி கிடந்து சாகும். (நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதற்கான மறுப்பு ஐந்தாம் வகுப்பில் இருந்திருக்கலாம்.)

சுதந்திர நாள் எது என்று அறிவிக்கப் போகிறார்கள் என, ஊர் முழுக்கக் கடலோரத்துப் பாடாங் திடலில் கூடிய நாள். குருபோங்கில் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் சித்தப்பா மகனிடமிருந்து அன்று காலையில் ஒரு பால் டின்னில் கித்தாப் பால் வாங்கி வந்தேன். குலா மலாக்காவை உருக்கிக் கலந்து பிடரியில் கனமாக அப்பினேன். மேலே புது வெள்ளைச் சட்டை. காலர் பித்தானையும் போட்டுக்கொண்டேன். திடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டி சுருங்கினால் கல்யாணம். சுருங்காவிட்டால், வேறு மாப்பிள்ளை பாருங்கள் என்று மாமனாரிடம் அங்கேயே சொல்லிவிடுவது. லெட்சுமியை இளம் வயதில் தாலியறுக்க வைக்க எனக்கு மனமில்லை.

வெயிலில் நடந்தேன். பிடரி சுள்ளென்று இழுத்தது. 'சாகின்றன' என்று மகிழ்ந்தேன். உண்மையில் பால் காய்ந்து, முடியும் தோலும் காலரும் ஒரே உறுப்பாகிக்கொண்டிருந்தன. பாடாங்கில் ஒரு மரநிழலில் மாமனார் கதிரேசன் நின்றிருந்தார். பக்கத்திலேயே லெட்சுமி. என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. மொத்த உடம்பையும் திருப்பி வணக்கம் சொன்னேன். காலருக்கு மேலாகத் தடவிப் பார்த்ததில் கட்டி சுருங்கியிருக்கவில்லை.

"என்னா மாப்ள, கழுத்து புடிச்சிக்கிச்சா?"

"இல்ல மாமா, ஒரு விசயம்... இந்தக் கல்யாணம் வந்து..."

அதற்குள் மரத்திலிருந்து முசுறுகள் இறங்கிவிட்டன. இனிப்புக்குப் பேராசைப்படுவது புற்று அணு மட்டுமில்லை என்பதை மாணிக்கம் அண்ணன் சொல்லவில்லை. சிவப்பெறும்புப் படை காலருக்குள் நுழைந்தது. அதே நேரம் மேடையிலிருந்து "மெர்டேக்கா!" என்ற சுதந்திர முழக்கம். கூட்டம் முழங்கியது. நானும் இரண்டு கைகளையும் வானத்துக்கு வீசி, அலறி, குதித்தேன். அடுத்த முழக்கத்துக்கு இன்னும் உயரமாக. பக்கத்திலிருந்த மலாய்க்கார இளைஞர்கள் என் தேசபக்தியில் உருகி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா லெட்சுமி! நாட்டுமேல எவ்ளோ பாசம் பாரு!"

"அப்பா, அவரு அழறாருப்பா" என்றாள் லெட்சுமி.

அவளும் மாமனாரும் என்னை இழுத்துப்போன முதலுதவிக் கூடாரத்தில் மாணிக்கம் அண்ணன்தான் இருந்தார். எறும்புகளைத் தட்டிவிட்டு, கத்தரிக்கோலால் சட்டையையும் பாதித் தலைமுடியையும் வெட்டி எடுத்தார். கட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டிடா. ஒண்ணும் செய்யாது. ஆமா, உன் கூட்டாளி எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் என் நாட்டுப்பற்று போய்விட்டது, இப்போது மூளை மட்டும் மிஞ்சியிருந்தது.

"இந்த மூளைக்கா என் பொண்ணக் குடுக்கப்போறேன்?"

எறும்பு கடித்த இடமெல்லாம் மரத்துப்போயிற்று. உயிர் பிழைத்தேன் என்று தெரிந்த அதே நிமிஷத்தில் கல்யாணம் செத்துக்கொண்டிருந்தது.

லெட்சுமிதான் பேசினாள். "நான் தாலியறுக்கக் கூடாதுன்னு கழுத்துல பொறி வச்சவருப்பா. இருந்துட்டுப் போகட்டும்." பிறகு என் பிடரியைப் பார்த்து, "கல்யாணத்துக்குள்ள முடி மட்டும் மொளைச்சிருமாண்ணே?" என்று டிரெசரைக் கேட்டாள்.

முளைக்கவில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் என் தலைப்பாகை ஏன் தோள்வரை இறங்கியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவள் இந்தக் கதையை உட்காரவைத்துச் சொல்வாள்.

இப்போது என் பேத்தி ஓர் ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பாலிமர் செய்கிறாள். உயிரணுவைவிடச் சின்னப் பொருள்களை மணிமாலை மாதிரி நீளமாகக் கோப்பார்களாம். அதில் சர்க்கரை போல ஒன்றைத் தொங்கவிட்டால், இனிப்புப் பசி பிடித்த புற்று அணு அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். அங்கே இருக்கும் புளிப்புப் பட்டதும் மாலை அறுந்து மருந்து கொட்டுமாம். இதை அவள் சாப்பாட்டு மேசையில் விளக்கினாள். லெட்சுமி ரசத்தை ஊற்றியபடி சொன்னாள்: "உன் தாத்தா அதக் கழுத்துல பூசியே பாத்துட்டாரும்மா. எறும்புதான் வந்துச்சி."

அன்றிலிருந்து அவளுடைய ஆய்வுக்கூடத்தில் சோதனை கெட்டுப்போனால் அதற்குப் பெயர் 'எறும்பு'தான். இரண்டு வாரத்துக்கொருமுறை தொலைபேசியில் சலித்துக்கொள்வாள்: "இன்னிக்கும் எறும்பு வந்துருச்சி தாத்தா."

நான் பிடரியைத் தடவிக்கொள்வேன். கட்டி அங்கேயேதான் இருக்கிறது, அதே சுண்டைக்காய் அளவில். எறும்பு வரவில்லை என்று அவள் சொல்லும் நாளில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நான் இன்னொரு முறை குதிக்கத் தயார். அந்தத் தடவை எதுவும் கடிக்காமலே.