பயிற்சிக்குப் போய்வந்தவரும் ஒரு புல்வெளியும்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். சாதாரண நாட்களில் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். பல் தேய்ப்பார்கள், பேருந்தைத் தவறவிடுவார்கள், மாமியார் வீட்டில் அளவாகப் பேசுவார்கள். ஆனால் அவ்வப்போது எங்கோ ஒரு குளிரூட்டிய அரங்கில் நடக்கும் பயிற்சிப் பட்டறைக்குப் போய்விட்டு, கழுத்தில் பெயரட்டை தொங்க, தோளில் புதுத் துணிப்பை ஆட, கண்ணில் இதுவரை இல்லாத ஒரு வெளிச்சத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள் பாருங்கள், அப்போதுதான் ஆபத்து. போனவர் வேறு, வந்தவர் வேறு.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பெயரட்டையைக் கழற்ற மாட்டார். பேச்சுக்குப் பேச்சு, "இப்பல்லாம் நான் அந்தக் கோணத்துலயே பாக்கறதில்ல" என்பார். நேற்றுவரை அந்தக் கோணத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் உள்ளவர்களை வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார். சொந்த மாமனாரைப் பார்த்து, "உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மாமனார் என் அப்பா. கேட்டவர் என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான்.

"உங்க மாமனார்" என்றார் அப்பா. சரியாக இரண்டு வார்த்தை.

அத்தான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். கட்டடத்தை வேறு யாரோ கட்டுவார்கள். கட்டடத்துக்கு வெளியே மிஞ்சும் நிலத்தில் மரம் எங்கே, பாதை எங்கே, நிழல் எங்கே, மழைத்தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று யோசித்து வடிவமைப்பது இவர் வேலை. இதை இவர் எவ்வளவு விளக்கினாலும் உறவுக்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "அப்போ தோட்டம் போடறீங்க" என்று முடித்துவிடுவார்கள். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவரும் அக்காவும் சேர்ந்து அலுவலகம் நடத்துகிறார்கள். அத்தான் யோசிப்பார். அக்கா வரைவாள், போன் எடுப்பாள், அத்தான் யோசித்ததில் நடக்காததைச் சத்தமில்லாமல் அழிப்பாள்.

இந்தத் தொழிலில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் வருடாவருடம் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் ஏதாவது ஓர் அரங்கின் பின்வரிசையில் தூங்கிப் புள்ளி சேர்த்துவிடுவார்கள். அத்தான் தூங்காதவர். அதுதான் பிரச்சினை. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, கேட்டதையெல்லாம் செய்தும் பார்ப்பார். மழைநீர்ப் பயிற்சி முடித்து வந்த வாரம் வாசலில் ஒரு பள்ளம் வெட்டினார். தபால்காரர் அதில் இறங்கிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். ஒலியை வைத்து வடிவமைக்கும் பயிற்சி முடிந்ததும், விருந்துக்கு வந்த பெரியம்மாவின் கண்ணைத் துணியால் கட்டி மொட்டைமாடியில் நிறுத்தினார்.

"என்ன கேக்குது பெரியம்மா?"

"பக்கத்து வீட்டுல சண்டை."

"வேற? காத்து, இலை, பறவை?"

"சும்மா இருங்க தம்பி, இப்பதான் அந்தப் பொண்ணு பதில் பேச ஆரம்பிச்சிருக்கா."

கண்கட்டை அவிழ்க்கப் பெரியம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தப் பயிற்சி ஒன்றுதான் எங்கள் குடும்பத்தில் முழு வெற்றி.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலை வேண்டுமே. தினமும் காலையில் வேலைவாய்ப்பு அறிவிப்புகள் அத்தானின் கைபேசியில் வந்து விழும். ஏரிக்கரைப் பூங்கா அமைக்க ஆள் தேவை. ஏற்கெனவே ஏரிக்கரைப் பூங்கா அமைத்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். அப்படியானால் உலகத்தின் முதல் ஏரிக்கரைப் பூங்காவை அமைத்தவர் எதைக் காட்டி விண்ணப்பித்தார்? அத்தான் இதை ஒரு முறை போன் போட்டுக் கேட்டேவிட்டார். "அவர் பழைய விதியில வந்தவர் சார், இப்போ அது கிடையாது" என்று மறுமுனையில் வருத்தம் தெரிவித்தார்கள்.

அப்படியிருக்க, இந்த வருடம் எங்கள் ஊர் ஏரிக்கே பூங்கா வருவதாக ஓர் அறிவிப்பு வந்தது. முன்அனுபவம் கேட்கவில்லை. சமீபத்தில் முடித்த ஒரு சின்னப் பொது இடத்தைக் காட்டினால் போதும், தேர்வுக் குழுவினர் நேரில் வந்து பார்ப்பார்கள். அக்கா அலையாத இடமெல்லாம் அலைந்து, பொது மருத்துவமனையின் முன்னால் கிடந்த வெற்றுத் தரையைச் சீரமைக்கும் வேலையைப் பிடித்தாள். அதைக் காட்டி ஏரி கிடைத்தால் அலுவலகம் பிழைக்கும். கிடைக்காவிட்டால்? அத்தானோடு படித்த ஒருவர் பெரிய கம்பெனி வைத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் அத்தானின் முதுகில் தட்டி, "வந்துடுடா, தொட்டிச்செடிப் பிரிவு முழுக்க உன் கையிலதான்" என்பார். லிஃப்ட் வாசலில் இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி. வாரம் ஒரு முறை இலையைத் துடைக்க வேண்டும். காடு வளர்க்கக் கனவு காண்கிறவரிடம் போய் இதைச் சொல்கிறார். தொட்டி என்ற சொல் காதில் விழுந்தாலே அத்தான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இந்த நேரம் பார்த்து அவர் இன்னொரு பயிற்சிக்குப் போய்வந்தார்.

பாதையை நீங்கள் போடாதீர்கள், மக்களின் கால்கள் போடட்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதலில் வெறும் புல்லை வளர்த்துவிடுங்கள். மக்கள் தங்கள் விருப்பம்போல நடப்பார்கள். நடந்து நடந்து புல் தேய்ந்த தடத்தில் பிறகு கல் பாவுங்கள். அதிகாரம் செய்யாத பாதை, மக்களே வரைந்த பாதை. கேட்டபோது எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

மருத்துவமனைத் தரையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் பேருந்து நிறுத்தம். எதிர்ப்பக்கம் வெளிநோயாளிகள் வாசல். ஓரமாக ஒரு பெரிய மரம், அதைத் தாண்டி மதில், மதிலோரம் ஒரு டீக்கடை. அந்தத் தரையின் நடுவே, நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு, அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி ஓர் ஒற்றையடிப் பாதை ஏற்கெனவே இருந்தது. காய்ச்சல்காரர்களும் கர்ப்பிணிகளும் பிளாஸ்க் தூக்கியவர்களும் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தவர்களும் காலங்காலமாக நடந்து நடந்து வழவழப்பாகிவிட்ட பாதை.

அத்தான் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அதன்மேல் கல் பாவியிருப்பார் என்றா? உங்களுக்குப் பயிற்சி போதாது.

உழுதுவிட்டார்.

"என்னங்க, பாதைதான் ஏற்கெனவே இருந்துச்சே" என்றாள் அக்கா.

"அது பழக்கம். பழக்கம் வேற, விருப்பம் வேற. சுத்தமான தளத்துலேருந்து ஆரம்பிக்கணும். அப்பதான் அவங்க உண்மையா எங்க நடக்க விரும்புறாங்கன்னு தெரியும்."

"உண்மையா வாசலுக்குப் போக விரும்புறாங்க. உடம்பு சரியில்லாதவங்க."

"நீ அந்தப் பயிற்சிக்கு வந்திருக்கணும்" என்றார் அத்தான். பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் வாக்குவாதத்தில் தோற்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் அங்கே வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது.

புல் முளைத்தது. பச்சைப் பசேலென்று, கால் வைக்கவே மனம் வராத அழகில் முளைத்தது. யாரும் கால் வைக்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் அந்தப் புல்லைப் பார்த்தார்கள், அதன் ஓரத்தில் தொப்பியும் நீளமான அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்த அத்தானைப் பார்த்தார்கள், எதற்கு வம்பு என்று சாலையோரமாகவே சுற்றிப் போய் ஆம்புலன்ஸ் வாசல் வழியாக நுழைந்தார்கள். போதாததற்குக் காவலாளி வேறு.

"ஏன் சார், புல்லு மேல நடக்கலாம்னு சொல்றீங்களா?"

"நடக்கணும். அதுக்குத்தான் வச்சிருக்கு."

"நடந்து புல்லு போயிட்டா?"

"போகணும்."

காவலாளி அத்தானின் தோளில் மெல்லக் கை வைத்தார். "மனநலப் பிரிவு பின்பக்கம் சார்" என்றார் அன்பாக.

குழு வரும் நாள் நெருங்கியது. தேய வேண்டிய புல் முழங்கால் அளவுக்கு நின்றது. அத்தான் பேருந்து நிறுத்தத்துக்கே போய் வரவேற்க ஆரம்பித்தார். "வாங்க, வாங்க. பயப்படாதீங்க. நீங்க பாட்டுக்கு இயல்பா நடங்க."

பிளாஸ்க் வைத்திருந்த ஓர் அம்மா நின்றார். "எப்படி நடந்தா இயல்பு?"

"எப்பவும் நடக்கற மாதிரி."

"நீங்க ஒரு தடவை நடந்து காட்டுங்களேன்."

அத்தான் நடந்து காட்டினார். எங்கே போவது என்று முடிவு செய்துவிட்டால் அது அவருடைய பாதையாகிவிடுமே, ஆகவே எங்கும் போகாத மாதிரி நடந்தார். மரம்வரை போய், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யாராவது பின்னால் வருகிறார்களா என்று நின்று பார்த்து, மதில்வரை போய், டீக்கடையை எட்டிப் பார்த்து, திரும்ப வந்தார். அந்த அம்மா அதற்குள் சாலையோரமாகப் போய்விட்டிருந்தார். அடுத்த பேருந்து வந்தது. மறுபடியும் நடந்து காட்டினார். அதற்கடுத்தது வந்தது.

கூச்சம்தான் காரணம், தன்னைக் காணாவிட்டால் நடப்பார்கள் என்று பிறகு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். மருத்துவமனை மரத்துக்குப் பின்னால் ஒரு தொப்பி அசைவதைக் கண்டவர்கள் சாலையோரமாகக்கூட வருவதை நிறுத்திவிட்டு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் மருத்துவமனை மாடி வராந்தாவிலிருந்து கீழே பார்த்த அத்தான் துள்ளிக் குதித்தார். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். பச்சைப் புல்லின் நடுவே ஒரு தடம் பளிச்சென்று தெரிந்தது. நிறுத்தத்தில் தொடங்கி, மரத்தைச் சுற்றி, மதிலைத் தொட்டு, டீக்கடைப் பக்கம் வளைந்து, கீழே போட்ட கயிறு மாதிரி சுருண்டு கிடந்தது. வெளிநோயாளிகள் வாசலைத் தவிர எல்லா இடத்துக்கும் அது போனது.

"பாத்தியா? ஜனங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க."

"அது நீங்க நடந்தது."

அத்தான் பெயரட்டையைத் திருப்பிச் சரிசெய்துகொண்டார்.

"ஏன், நான் ஜனம் இல்லையா?"

இதற்கு எந்தப் பயிற்சியிலும் பதில் கிடையாது. தடத்தின்மேல் அப்படியே கல் பாவினார்கள், வாசலுக்கு ஒரு வால் சேர்த்து. அந்த வால் அக்கா வரைந்தது. தொடக்கத்தில் ஒரு பலகையும் நட்டார்கள்: "இந்தப் பாதையை வகுத்தவை உங்கள் கால்களே."

குழு வந்தது. தலைவர் பாதையில் நடந்தார். மரத்தைச் சுற்றினார். மதிலைப் பார்த்து நின்றார். மூச்சு வாங்கியது.

"இங்க ஏன் ஜனங்க சுவர்கிட்ட வந்துட்டுத் திரும்புறாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால மனுஷனுக்கு ஒரு தயக்கம் இருக்கும் இல்லீங்களா" என்றார் அத்தான். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் அதை முழுக்க நம்பினார். இந்த வகையினர் எல்லாரும் அப்படித்தான்.

தலைவர் உருகிவிட்டார். ஆனாலும் பொறுப்பானவர்; அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நெஜமாவே ஜனங்க இப்படித்தான் நடந்தாங்களா?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். லிஃப்ட் வாசலில் ஒரு துணியோடு குனிந்து இலை துடைக்கும் அத்தானையும் அவள் பார்த்திருக்க வேண்டும்.

"ஆமாங்க. நடந்துகிட்டே இருந்தாங்க. நிறுத்தவே முடியல" என்றாள்.

ஏரி கிடைத்துவிட்டது.

நேற்று அந்தப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். முழங்கால் வலிக்காரப் பாட்டி ஒருவரும் அவருடைய மருமகளும் இறங்கினார்கள். வாசல் நேர் எதிரே தெரிந்தது. பாதையோ மரத்தைப் பார்த்துப் போனது.

"ஏம்மா இது இப்படிச் சுத்துது?"

மருமகள் பலகையைப் படித்தாள். "நாமதான் இப்படி நடந்தோமாம் அத்தை. எழுதியிருக்கு."

"நானா? நான் எப்ப நடந்தேன்?"

"நீங்க இல்லன்னா உங்கள மாதிரி யாராவது."

"எவளுக்கு இவ்வளவு கொழுப்போ" என்று அந்த யாரோ ஒருத்தியைத் திட்டிக்கொண்டே பாட்டி நொண்டி நொண்டி மரத்தைச் சுற்றப் போனார். புல்லின்மேல் நேராக நடந்துவிட அவருக்குத் தோன்றவே இல்லை. தானே வகுத்த பாதையை மீற யாருக்குத்தான் மனம் வரும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சென்ற விடுமுறைக்கு, "எங்க போகலாம், உங்க இஷ்டம்தான்" என்று வீட்டில் எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டது யார்? அவர்கள் வாய் திறக்குமுன் போகும் இடத்தையும் சொல்லி வண்டிச் சாவியையும் எடுத்தது யார்? எல்லாரும் ஆசைப்பட்டுத்தான் அங்கே போனோம் என்று இந்த நிமிடம்வரை நம்புவது யார்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சந்தேகமாக இருந்தால் வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு, "மனசுல பட்டதச் சொல்லுங்க, நான் அந்த மாதிரி ஆளா?" என்று கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் "ஆமாம்" என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. எல்லாரும் ஒரே குரலில் "இல்லவே இல்ல" என்றால், மன்னிக்க வேண்டும், நீங்கள்தான்.